வாத்தைப் பறக்கவிட்டது யார்?

எங்கள் கல்லூரி விடுதியில் இணையம் பேருக்குத்தான். ஆனால் லேன் உண்டு. எவனோ ஒரு சீனியர் ஊருக்குப் போனபோது தரவிறக்கி வந்து டிசி ப்ளஸ் ப்ளஸ்ஸில் போட்டுவைத்ததுதான் எங்களுக்கு உலகம். செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய ஓர் இரவில், படிப்பதைத் தவிர எதையும் செய்யத் தயாராக இருந்த நேரத்தில், அப்படி ஒரு ஃபோல்டர் சிக்கியது. திறந்தால் ஒரு மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் வரிசையாகப் பேனாக்கள், மூக்குக்கண்ணாடி. அச்சு அசல் எங்கள் ஒர்க்‌ஷாப் லேப் உதவியாளர். பிறகு அவர் வாயைத் திறந்தார். பேசியதில் பாதியை இங்கே எழுத முடியாது.

அவர் பெயர் ஜேம்ஸ் ரோல்ஃப். ‘ஆங்ரி வீடியோ கேம் நெர்ட்’ என்ற பாத்திரத்தின் பெயரால்தான் பலருக்கும் தெரியும். 2004-இல் விளையாட்டாக எடுத்த முதல் வீடியோ 2006-இல் யூடியூபுக்கு வந்தது. பழைய வீடியோ கேம்களைத் திட்டுவதற்கென்றே ஒரு துறை இன்று இணையத்தில் இருக்கிறதென்றால், அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் அவர் முக்கியமானவர். முதலில் அடி வாங்கியது கொனாமியின் ‘காசில்வேனியா 2: சைமன்ஸ் குவெஸ்ட்’.

அந்த விளையாட்டை நான் ஆடியதே இல்லை. இருந்தும் ஒரு வரி விடாமல் கேட்டேன். காரணம், அவருடைய கோபத்தின் துல்லியம். விளையாட்டில் பகல் இரவாகும். ஒவ்வொரு முறையும் எல்லாம் நின்று, ஒரு பெட்டி திறந்து, இரவு வந்துவிட்ட செய்தி எழுத்தெழுத்தாக அச்சாகும். நீங்கள் அவசரமாக எங்கோ தாவிக்கொண்டிருந்தாலும் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். விடியும்போது மறுபடி அதே. இரவில் எதிரிகளைக் கொல்ல இரண்டு மடங்கு அடிக்க வேண்டும், ஊரில் கடை எதுவும் திறந்திருக்காது. இதெல்லாம்கூடப் போகட்டும். ஓரிடத்தில் சிவப்புப் படிகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பாறைச் சுவருக்கு முன்னால் மண்டியிட்டுச் சில நொடிகள் சும்மா இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு சுழல்காற்று வந்து தூக்கிக்கொண்டு போகும். இதைத் தானாகக் கண்டுபிடிக்க எந்தப் பத்து வயதுப் பையனால் முடியும்? ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும் வழியில் பல துப்புகள் சிதைந்திருந்தன. பையன் சுவரை முட்டிக்கொண்டு நின்றான். ரோல்ஃபின் கோபம் அந்தப் பையனுடையது.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்த வீடியோக்கள் ஏன் பிடித்தன என்று புரிந்தது. அவை நல்ல பக் ரிப்போர்ட்கள். மென்பொருள் துறையில் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதும் ஆளை யாருக்கும் பிடிக்காது. என்ன செய்தாய், எந்த வரிசையில் செய்தாய், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தாய், என்ன நடந்தது என்ற நான்கையும் எழுதினால்தான் மதிப்பு. நெர்ட் கெட்ட வார்த்தைகளுக்கு நடுவே இந்த நான்கையும் சொல்லிவிடுகிறார். கட்டுப்பாட்டுக் கருவியைக் காட்டுகிறார், கையேட்டை வாசிக்கிறார், தோற்ற இடத்திலேயே திரும்பத் தோற்றுக் காட்டுகிறார். இலக்கிய விமர்சனம் எழுதும் சிலரிடம் இந்த அளவு ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. (பின்னாளில் வசை வாணவேடிக்கை கூடி, ஆதாரம் குறைந்தது என்பதும் உண்மை. கோபம் வேஷமாகிவிட்ட அந்த எபிசோடுகளை இப்போது என்னால் பார்க்க முடிவதில்லை.)

*

நாஸ்டால்ஜியாவுக்குத் தமிழில் சரியான சொல் இல்லை என்பார்கள். எஸ்.பொ. தன் நினைவு நூலுக்கு ‘நனவிடை தோய்தல்’ என்று தலைப்பு வைத்தார். ஈழத்து எழுத்தில் அது நினைவேக்கத்துக்கான சொல்லாகவே புழங்குகிறது. எனக்குப் பிடித்த சொல். தோய்தல் என்றால் நனைதல். எங்கள் வீட்டில் பாலை உறைக்கு ஊற்றுவதையும் தோய்ப்பது என்போம். அந்தப் பொருளையும் சேர்த்துக்கொண்டால் சொல் இன்னும் சரியாகிவிடுகிறது. ஒரு கரண்டி மோர் விழுந்த பிறகு அது பால் இல்லை.

தொண்ணூறுகளின் குழந்தைகள், அதாவது நம் ‘90ஸ் கிட்ஸ்’, இணையத்தில் செய்வது பெரும்பாலும் தயிரைக் காட்டிப் பால் என்பது. தேன்மிட்டாய், பம்பரம், சக்திமான், டபிள்யூ.டபிள்யூ.எஃப். அட்டை, ஸ்வாட் கேட்ஸ், சுட்டி டிவியில் தமிழ் பேசிய ஜாக்கி சான். ஒவ்வொரு படமாக வரும், கீழே ‘ஞாபகம் இருக்கா?’ என்று கேட்கும். இருக்கிறது. சரி, அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை. பொருளின் பெயரைச் சொன்னாலே நமக்குள் ஏதோ நடந்துவிடுகிறது, அந்தப் பொருள் நன்றாக இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் இதையே தொழிலாகச் செய்தவர்களில் டக் வாக்கர் பேர்பெற்றவர். 2007-இல் ‘நாஸ்டால்ஜியா கிரிட்டிக்’ என்று தொடங்கினார். பெயரிலேயே விமர்சகர் இருக்கிறார். பார்த்தால் சிறுவயதில் பார்த்த படத்தின் கதையை ஒவ்வொரு காட்சியாகத் திருப்பிச் சொல்லி, நடுநடுவே கண்ணை விரித்துக் கத்துகிறார். சிரித்திருக்கிறேன், மறுக்கவில்லை. மறுநாள் ஒன்றும் மிஞ்சியதில்லை.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஏழு வயதில் நாமெல்லாம் கறாரான விமர்சகர்களாக இருந்தோம். பெரியவர்களாகி, நினைவேக்கம் என்ற பெயரில் அந்த விமர்சகனைத்தான் முதலில் வீட்டை விட்டுத் துரத்தினோம்.

டாம் அண்ட் ஜெர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று யாரைக் கேட்டாலும் ‘அந்தக் காலத்து டாம் அண்ட் ஜெர்ரி மாதிரி வருமா’ என்பார்கள். அன்று எங்கள் தெருவில் யாரும் அப்படி மொத்தமாகச் சொன்னதில்லை. கார்ட்டூன் நெட்வொர்க்கில் எல்லாம் கலந்து வரும். பெயர் அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், இது நல்ல டாமா, ‘டூப்ளிகேட் டாமா’ என்று. டூப்ளிகேட் டாமின் உலகில் சத்தமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலிக்கும். அசைவுகள் வெட்டி வெட்டிப் போகும். டாமுக்கு ஒரு தடித்த எஜமானன் இருப்பான், முகம் சிவந்து வெடித்து டாமை அடிப்பான். அந்த அடியைப் பார்த்தால் சிரிப்பு வராது, வயிற்றைப் பிசையும். அது வந்தால் நாங்கள் எழுந்து வெளியே விளையாடப் போய்விடுவோம்.

பிறகு தெரிந்துகொண்டேன். 1940 முதல் 1958 வரை எம்.ஜி.எம்.மில் ஹன்னாவும் பார்பராவும் எடுத்தவை நாங்கள் ‘நல்லது’ என்றவை. அந்தப் பிரிவை மூடிய பிறகு, 1961-62இல் ஜீன் டைச் என்பவர் ப்ராக் நகரத்தில் குறைந்த செலவில் 13 படங்கள் எடுத்தார். அதன் பிறகு 1963 முதல் 1967 வரை சக் ஜோன்ஸ் 34 படங்கள் செய்தார், அடர்ந்த புருவத்தோடு வருவானே, அந்த டாம். டைச்சின் குழுவினர் இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள், மூலப் படங்களையே அதிகம் பார்த்திராதவர்கள். டைச்சுக்கே டாம் அண்ட் ஜெர்ரியின் வன்முறை பிடிக்காது. பிடிக்காத ஒன்றை, பார்த்திராதவர்களை வைத்து, பணமில்லாமல் செய்தால் என்ன வருமோ அது வந்தது. இயக்குநர் பெயர் தெரியாமல், ஆண்டு தெரியாமல், ப்ராக் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், பாளையங்கோட்டையில் ஒரு தெருப் பிள்ளைகள் அந்த 13 படங்களையும் சரியாகப் பிரித்து ஒதுக்கிவைத்திருந்தோம். விமர்சனத்துக்கு முதலில் வேண்டியது இந்த மூக்குதான். ரோல்ஃப் அதை இழக்கவில்லை. அவர் ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று சொல்வதில்லை. ‘அந்தக் காலத்தில் என்னை ஏமாற்றினார்கள்’ என்கிறார். குழந்தைக்கு அதைவிட விசுவாசமாக இருக்க முடியாது.

*

ஆனால் மூக்கு மட்டும் போதுமா?

உலகின் மிக மோசமான வீடியோ கேம் என்று பல காலம் சொல்லப்பட்டது அட்டாரி 2600-க்கு 1982-இல் வந்த ‘ஈ.டி.’. விற்காமல் போய், 1983-இல் நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் கேசட்டுகளைப் புதைத்தார்கள். வதந்தி என்று பலர் நினைத்திருந்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டியபோது கேசட்டுகள் கிடைத்தன. ரோல்ஃப் எடுத்த திரைப்படமும் அதே ஆண்டில்தான் வந்தது. ஊரே கேட்டும் நெர்ட் அந்த ஒரு விளையாட்டை மட்டும் விமர்சிக்க மறுப்பதில்தான் அதன் கதை தொடங்கும்.

அதை எழுதியவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் வந்தாக வேண்டும் என்பதால் அவருக்குக் கிடைத்த அவகாசம் ஐந்து வாரம். வழக்கமாக ஒரு விளையாட்டுக்கு ஐந்தாறு மாதம் ஆகும். எல்லாரும் திட்டியது அதன் குழிகளை. நடந்துகொண்டே இருப்பீர்கள், திடீரென்று குழிக்குள் விழுந்துவிடுவீர்கள். ஏறி வந்தால் மறுபடி விழுவீர்கள். காரணம் எளிது. பாத்திரத்தின் படத்தில் எந்தப் புள்ளி குழியின் மேல் பட்டாலும் விழுந்ததாகக் கணக்கு. ஈ.டி.யின் கால் தரையில் இருக்கும், நீண்ட கழுத்தும் தலையும் குழியின் ஓரத்தை உரசும், உடனே பொத். பிற்காலத்தில் ரசிகர் ஒருவர் நிரலில் சில பைட்டுகளை மட்டும் மாற்றி இதைச் சரிசெய்து காட்டினார்.

சில பைட்டுகள்! இன்னும் ஒரு வாரம் கொடுத்திருந்தால் வார்ஷாவே செய்திருப்பார். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் தீபாவளி விற்பனைக்கென்று ஒரு செயலியை ஆறு வாரத்தில் முடிக்கச் சொன்னார்கள். முடித்தோம். பணம் கட்டும் பக்கத்தில் ஒரு பொத்தான் சில போன்களில் திரைக்கு வெளியே போய்விடும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் வெளியிட்டோம். வந்த விமர்சனங்களில் எங்கள் அறிவு, படிப்பு, வளர்ப்பு எல்லாம் அலசப்பட்டன. பொத்தானைப் பற்றி அவர்கள் சொன்னது நூறு சதவீதம் சரி. அதனால் வார்ஷாவின் குழிகளைப் பற்றிய சிரிப்பு எனக்குப் பாதியில் தொண்டையில் நின்றுவிடுகிறது. குழந்தையின் புகாரும் உண்மை, அந்த ஐந்து வாரமும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதைத் தள்ளுபடி செய்ய முடியாது.

ஜப்பானில் இதே காரியத்தை வேறு மாதிரி செய்கிறார்கள். ‘கேம் சென்டர் சிஎக்ஸ்’ என்றொரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, 2003-இலிருந்து வருகிறது. ஷின்யா அரினோ என்ற நகைச்சுவை நடிகர் பழைய விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க முடிக்கப் பார்ப்பார். அலுவலகச் சீருடை மாதிரி ஒன்றை மாட்டியிருப்பார், அவரைச் செக்‌ஷன் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவாக ஆடத் தெரியாது. அதுதான் நிகழ்ச்சி. தோற்றுக்கொண்டே இருப்பார், நெற்றியில் குளிர்ச்சிப் பட்டை ஒட்டிக்கொள்வார். மாட்டிக்கொண்டால் உதவி இயக்குநராக இருக்கும் ஒரு பையனோ பெண்ணோ வந்து பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வார்கள், சில சமயம் கருவியை வாங்கி அவர்களே ஆடிக் கொடுப்பார்கள். முதன்முதலில் பார்த்தபோது இது ஏன் இவ்வளவு பழக்கமாகத் தோன்றுகிறது என்று யோசித்தேன். ரோல்ஃப் பெரும்பாலும் தனியாக உட்கார்ந்து தன் பால்யத்தோடு சண்டை போடுகிறார். அரினோவின் பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கிறார். என் பால்யத்திலும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். பல வருடமாக நான் அதை மறந்திருந்தேன்.

*

எங்கள் வீட்டு டிவி கேமை மாமா சென்னையிலிருந்து வரும்போது பர்மா பஜாரில் வாங்கி வந்தார். நிண்டெண்டோவின் நகலின் நகல். அதில் நிண்டெண்டோ என்ற பெயர் எங்கும் இல்லை, அப்படி ஒரு நிறுவனம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. கூட ஒரு மஞ்சள் கேசட், மேலே ‘9999 இன் 1’. போட்டால் கடற்கரையும் பறவைகளுமாக ஒரு படம், பிறகு முடிவே இல்லாத பட்டியல். முதல் கோடை விடுமுறை முழுக்க அந்தப் பட்டியலில் கீழே போய்க்கொண்டே இருந்தேன். 200-க்கு மேல் என்ன இருக்கும், 5,000-இல் என்ன இருக்கும்? இருந்தது அதே மரியோ, அதே கான்ட்ரா, அதே டாங்க். சிலவற்றில் மரியோ மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்குவான், சிலவற்றில் கான்ட்ராவில் உயிர் கூடுதலாக இருக்கும். இத்தகைய கேசட் ஒன்றின் பிரதியை வேலைக்குப் போன பிறகு ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தேன். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகவரி, நூற்றுக்கணக்கான வரிகள் திரும்பத் திரும்ப அதே சில முகவரிகளுக்கே போயின. வெவ்வேறு விளையாட்டு என்று எண்ணினால் எங்கள் கேசட்டில் ஆறோ ஏழோ இருந்திருக்கும். ரோல்ஃபிடம் கொடுத்தால் வெளுத்து வாங்கியிருப்பார். எனக்கு என்னவோ கோபம் வரவில்லை. எழுதியவன் குறும்புக்காரன் என்றுதான் தோன்றியது.

முதல் கட்டுப்பாட்டுக் கருவி எனக்கு. இது எங்கும் எழுதப்படாத சட்டம். அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள், என்னைவிட நன்றாக ஆடுவாள். இருந்தாலும் அவள் கையில் அது இருந்தால் ஆச்சி அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள், “தம்பி கேக்காம்லா, குடுட்டீ.” இரண்டாவது கருவியில் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் கிடையாது. ஜப்பானில் 1983-இல் வந்த மூல இயந்திரத்திலேயே அப்படித்தான், நகலெடுத்தவர்கள் அதையும் சேர்த்து நகலெடுத்தார்கள். இரண்டாவது ஆளால் ஆட்டத்தைத் தொடங்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. வன்பொருளிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஆச்சிக்கு வேலை மிச்சம்.

நாங்கள் அதிகம் ஆடியது ‘டாங்க்’. அதன் உண்மையான பெயர் ‘பேட்டில் சிட்டி’, நாம்கோ நிறுவனம் 1985-இல் செய்தது. நம்மூரிலும் டெண்டி என்ற நகல் இயந்திரம் புகழ்பெற்ற ரஷ்யாவிலும் அதை ஆடாத பிள்ளைகள் குறைவு. ஆனால் அமெரிக்க நிண்டெண்டோவுக்கு அது அதிகாரபூர்வமாக வெளியாகவே இல்லை. ஆகவே அமெரிக்கர்கள் போடும் ‘பால்யத்தின் தலைசிறந்த பத்து விளையாட்டுகள்’ பட்டியல்களில் அது இருக்காது. அந்தப் பட்டியல்களை நாமும் பார்த்து, ஆடியே இராத ஸெல்டாவுக்காக ஏங்கக் கற்றுக்கொண்டோம். கடன் வாங்கிய ஏக்கம்.

டாங்கில் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். என்னுடையது மஞ்சள், அக்காவுடையது பச்சை. நம் ஆளையே சுட்டுவிட்டால் அவர் சாகமாட்டார், கொஞ்ச நேரம் நகர முடியாமல் உறைந்து நிற்பார். அவளை எத்தனை முறை வேண்டுமென்றே உறைய வைத்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. அப்போதும் அவள் கீழே நிற்கும் பருந்துச் சின்னத்தைக் காப்பாற்றுவதைத்தான் பார்ப்பாள், நான் மேலே போய் எதிரிகளை வேட்டையாடிக்கொண்டிருப்பேன். எனக்குத்தான் புள்ளிகள் அதிகம் வரும். நான் விளையாடப் போன நேரங்களில் அவள் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற மூன்றாவது தேர்வுக்குள் போவாள். செங்கல், இரும்பு, தண்ணீர், புதர் எல்லாவற்றையும் வைத்து நாமே களம் கட்டலாம். அந்தக் களம் 13-க்கு 13 கட்டம். அக்கா அதில் கோலம் போட்டாள். செங்கலில் சிக்கு, தண்ணீரில் இதழ், நடுவில் இரும்பு. பதின்மூன்று புள்ளிக் கோலம் என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது, எனக்குக் கட்டுரை எழுதும்போதுதான் எண்ணத் தோன்றியது. சேமித்துவைக்க வழி கிடையாது. மின்சாரம் போனால் போயிற்று. நான் திரும்பி வந்தால் முதல் வேலையாக அந்தக் கோலத்தின் நடுவில் டாங்கை ஓட்டிச் சுட்டுத் தள்ளுவேன்.

பிறகு ‘டக் ஹண்ட்’. பிளாஸ்டிக் துப்பாக்கியால் வாத்து சுடுவது. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, ஒளியை வாங்குவது மட்டுமே அதன் வேலை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் மூக்கில் இருக்கும் உணரி அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழும். பழைய பெட்டி டிவியின் துல்லியமான நேரக் கணக்கை நம்பிச் செய்த வேலை அது. இன்றைய தட்டைத் திரைகள் படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டுவதால் அந்தத் துப்பாக்கி அவற்றில் வேலை செய்யாது. விளையாட்டை எவ்வளவு பத்திரமாகப் பிரதி எடுத்து வைத்திருந்தாலும், எங்கள் வீட்டு டயனோரா இல்லாமல் அது பாதி விளையாட்டுதான்.

துப்பாக்கியை இரண்டாவது துளையில் செருக வேண்டும். அதனால் டக் ஹண்ட் ஆடும்போது மட்டும் முதல் கருவி அக்கா கைக்குப் போகும், அதற்கு அங்கே வேலை இல்லை என்ற நம்பிக்கையில். அவள் அதை வைத்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருப்பாள்.

“ஏல, இந்த வாத்து நான் சொல்லுத பக்கம்தாம்ல போவுது.”

“பொய் சொல்லாத.”

“சத்தியமா. நான்தான் பறக்க விடுதேன்.”

ஒருநாள் சண்டை முற்றி, எங்கே காட்டு என்றேன். அம்மாவும் ஆச்சியும் சாட்சி. அவள் இடது பக்கம் அழுத்தினாள், வாத்துகள் வலது பக்கம் போயின. மேலே அழுத்தினாள், கீழே வந்தன. நான் குதித்தேன். ஆச்சி சிரித்தாள். அதன் பிறகு வீட்டில் யாராவது நம்ப முடியாத எதையாவது சொன்னால் ‘அக்கா வாத்து’ என்பது குடும்பத்துக்குள் ஒரு சொலவடையாகவே ஆகிவிட்டது. அவள் கல்யாணம் வரைக்கும் ஓடியது. மாப்பிள்ளை வீட்டாருக்கே தெரியும்.

சென்ற வருடம், ரோல்ஃபைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது, அவர் கையேடுகளை வாசிப்பதைப் போல நானும் வாசிக்கலாமே என்று தோன்றியது. எங்களுக்கெல்லாம் கையேடு ஏது? இயந்திரத்தோடு வந்தது சீன மொழியில் ஒரு துண்டுத் தாள். டக் ஹண்டின் அமெரிக்கக் கையேடு இணையத்தில் கிடைத்தது. சில பக்கங்கள்தான். அதில் முதல் ஆட்டத்தைப் பற்றிய இடத்தில் போகிற போக்கில் ஒரு குறிப்பு: மற்றவர் கட்டுப்பாட்டுக் கருவியைக் கொண்டு வாத்தின் பறத்தலைத் திருப்பலாம்.

மூன்று முறை வாசித்தேன். எமுலேட்டரை இறக்கி, முதல் ஆட்டத்தைப் போட்டு, அம்புக்குறியை இடது பக்கம் அழுத்தினேன். வாத்து இடது பக்கம் போனது.

ஒற்றை வாத்து வரும் முதல் ஆட்டத்தில் மட்டும்தான் அப்படி. இரண்டு வாத்து வரும் ஆட்டத்தில் கருவி வேலை செய்யாது. அம்மாவையும் ஆச்சியையும் உட்காரவைத்து நான் நடத்திய சோதனையில் பறந்தவை இரண்டு வாத்துகள். எனக்கு அது கஷ்டமான ஆட்டம், பெருமைக்காக அதைத்தான் போட்டிருப்பேன். தவறான சூழலில் சோதித்துவிட்டு ‘மீண்டும் நிகழ்த்த இயலவில்லை’ என்று எழுதி டிக்கெட்டை மூடியிருக்கிறேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இதைச் செய்தால் நான் சும்மா விடமாட்டேன்.

இந்த இடத்தில்தான் என் விமர்சகர்கள் எல்லாரும் எனக்குப் போதாமல் போகிறார்கள். ‘ஞாபகம் இருக்கா?’ என்று கேட்கும் வீடியோ என் ஞாபகத்தை மட்டும்தான் கேட்கிறது. எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது, தவறாக. ரோல்ஃபின் கோபம் எனக்கு உதவாது, இங்கே ஏமாற்றியவன் நான். ஹெக்ஸ் எடிட்டருக்கும் அந்த மதியங்களில் யார் கை எதில் இருந்தது என்று தெரியாது. எங்கள் வீட்டில் அந்த விளையாட்டைப் பற்றிச் சரியாகச் சொன்ன ஒரே ஆள், ஸ்டார்ட் பொத்தான் இல்லாத கருவியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். பழைய விளையாட்டுகளைப் பற்றி நான் பார்த்த நூற்றுக்கணக்கான வீடியோக்களில் ‘என் அக்காவிடம் கேட்டேன், அவள் வேறு மாதிரிச் சொல்கிறாள்’ என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று மாலையே ஃபோன் செய்தேன். திருப்பூரில் இருக்கிறாள், பையன் ஏழாவது படிக்கிறான். கையேட்டு விவகாரத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் தொனியில் கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

“இப்பதான் தெரிஞ்சுதாக்கும்?” என்றாள்.

“ஆச்சி இல்லையே இப்ப, சொல்லுததுக்கு.”

“ஆச்சிக்குத் தெரியும்ல. நீ இல்லாதப்போ ஒருநா அவ கையிலயே குடுத்துக் காட்டியிருக்கேன்.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவளே தொடர்ந்தாள்.

“நீ ரொம்ப குறி பாத்து சுடுதன்னு மாமாகிட்டல்லாம் பீத்திக்கிடுவ. நீ அழுதுருவன்னு பாதி வாத்த நான்தாம்ல தாழ இறக்கி விட்டேன்.”

“பாதியா?”

“குக்கர் சத்தம் போடுது. வைக்கேன்.”